சொறிநாயும் சிற்றுண்ணியும்

‘சொறிநாய்’ என்பது நம்ம ஊரில் வசவாகவே ஆகிவிட்டது. முடி கொட்டி, தோல் தடித்து நிற்கும் நாயை வெறிநாய் என்று நினைத்து அடிக்கிறவர்களும் உண்டு. வெறி வேறு, சொறி வேறு. சொறி தீரக்கூடியது.

கத்தரிச் செடியில் சிலந்திப்பேன் பார்த்திருப்பீர்கள். அந்த வம்சம்தான் இந்தச் சிற்றுண்ணியும். தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். மனிதருக்கு வரும் சிரங்கும் இதே இனத்தால்தான். அதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். இத்தாலியில் ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளின் சிரங்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்துப் போடுவார்கள். அதை பொனோமோ என்ற வைத்தியரும், செஸ்தோனி என்ற மருந்துக்கடைக்காரரும் பூதக்கண்ணாடியில் பார்த்து 1687-இல் எழுதினார்கள். பெரிய வைத்தியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் கெட்டதால் வருகிறது என்றே சாதித்தார்கள். 1834-இல் ரெனுச்சி என்ற கார்சிகா மாணவர், ஊர்ப் பெண்களிடம் பார்த்தபடியே பாரிஸில் ஊசியால் எடுத்துக் காட்டிய பிறகுதான் வாய் அடைத்தது. நூற்று நாற்பத்தேழு வருஷம், பாருங்கள்!

நம்ம பக்கம் வருவோம். 1961-இல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வயல் மனையாச்சு, களத்துமேட்டைக் காத்த நாய் தெருநாயாச்சு என்பது என் எண்ணம். சொறிக்கு வேப்பெண்ணெயும் கந்தகமும் தடவுவது பழைய வழக்கம். கந்தகம் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. தூளை நாய்க்குத் தூவினவர்களும் உண்டு. நாய் நக்குமே, யோசித்தார்களா? அந்தத் தூள் 1997-இல் தடை செய்யப்பட்டது.

1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே போனால் அங்கே சேரலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இத்தாலிக்காரர்கள் செய்த அதே வேலைதான். எந்த வகை என்று தெரிய வேண்டும் அல்லவா? மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் தாயிடமிருந்து குட்டிக்கு வரும். அடுத்த நாய்க்குப் பொதுவாக ஒட்டாது. தோலைக் குடையும் சார்கோப்டிஸோ வேகமாக ஒட்டும். நமக்கும் சில நாள் அரிக்கும்.

பெரிய திருப்பம் ஜப்பான் மண்ணிலிருந்து வந்தது. ஓமுரா எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின் 1981-இல் விற்பனைக்கு வந்தது. 2015-இல் அவருக்கும் கேம்ப்பெல்லுக்கும் நோபல் பரிசு. மாட்டுக்கு வாங்கினதை நாய்க்குக் கண்ணளவில் போட்டுவிடாதீர்கள். கோலி ஜாதிக்கும் அதன் கலப்புக்கும் அது மூளையைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். படுக்கைச் சாக்கை எரித்துவிடுங்கள், கூட இருக்கும் நாய்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.