வாங்குபவரின் பொறுப்பு: தேன்கனிக்கோட்டை ராகியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பன்னிரண்டாவது, பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும் பற்றியது. நம்மிடையே இது பெரும்பாலும் தனிமனித ஒழுக்கமாகவே பரப்பப்படுகிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மஞ்சப்பை இயக்கம் இதற்கு நல்ல சான்று. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு வட்டாரத்தின் சாகுபடியையே திருப்பிவிடும் வலு, ஆண்டு தவறாமல் மொத்தமாக வாங்கும் அரசிடமும் பெரிய ஆலைகளிடமுமே உள்ளது. தேன்கனிக்கோட்டை வட்டத்து ராகியைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ராகியும் தக்காளியும்

தமிழ்நாட்டில் ராகி மிகுதியாக விளைவது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பகுதிகளில் அது மானாவாரிப் பயிர். நெல்லுக்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போதும். தாள் மாட்டுக்குத் தீவனமாகும். தானியம் ஆண்டுக்கணக்கில் கெடாது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு.

இருந்தும், விலை நிலைக்காததால் ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் பெங்களூருச் சந்தையை நம்பித் தக்காளி, முட்டைக்கோஸ், ரோஜா என்று மாறினர். இவை கையில் பணம் தரும். கூடவே நிலத்தடி நீரையும் பூச்சிமருந்தையும் கேட்கும். ராயக்கோட்டைச் சந்தையில் விலை சரிந்தால் பறிகூலிகூடத் தேறாத தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிறது. உழவர் அறியாமையால் இப்பயிர்களுக்குப் போனார் என்பது தவறு. வாங்க ஆள் இருந்த பக்கம் போனார், அவ்வளவே.

அரசு வாங்கியபோது

2022-23 பருவத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உழவரிடம் நேரடியாக ராகி கொள்முதலைத் தொடங்கியது. அப்போது குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 3,578 ரூபாய்; 2025-26-க்கு 4,886 ரூபாய். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. கொள்முதலையும் உணவுத்தட்டையும் ஒரே கயிற்றில் கட்டியதே இதன் சிறப்பு. ஆனால், அதிகம் விளைவிக்கும் கிருஷ்ணகிரி அந்த முதற்கட்டத்தில் சேரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ராகி முற்றும் பனிக்காலத்தில்தான் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி வழியாக வருகின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனால் வரும் நன்மை எல்லோருக்கும். இரவெல்லாம் பரணில் கண்விழிப்பது காட்டோர உழவர் மட்டும். இச்செலவு ஆதரவு விலையில் சேருவதில்லை.

ஆலைகளின் பங்கு

ஒரு பொருளை வாங்குபவர் அது உண்டான முறைக்கும் பொறுப்பாளி என்று வாதிட்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவ்வாதம் இன்று ஓசூர் ஆலைகளுக்கே மிகவும் பொருந்தும். 1970-களில் சிப்காட் வளாகத்தோடு தொடங்கிய தொழில்மயம், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையோடு தேன்கனிக்கோட்டை வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 250-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு வகைசெய்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு அவ்வரம்பை 100 ஆக்கியது. ஆகவே ஆலைகள் சட்டப்படியே பெரிய உணவு நுகர்வோர். பங்குச்சந்தையில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிப்படி வெளியிடும் பொறுப்பு அறிக்கையும், சிறு உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கிய பங்கைக் கேட்கிறது. கேன்டீன் ராகியை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக வாங்குவது, இக்கேள்விக்குத் தரக்கூடிய நேர்மையான விடைகளுள் ஒன்று.

இளம் தொழிலாளர்கள் ராகிக் களி உண்பார்களா என்று கேட்கலாம். ராகி தோசை, இடியாப்பம், கூழ் என்று வாரம் இரு வேளை வைத்தாலே நிலையான தேவை உருவாகும்.

வரம்பு

கொள்முதல் எல்லாவற்றையும் தீர்க்காது. பெங்களூருவின் கழிவைச் சுமந்து தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து நிற்பதை எந்தக் கேன்டீனாலும் மாற்ற முடியாது. அங்கு வேண்டியது, வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய, மாசுபடுத்துபவரே ஈடு தர வேண்டும் என்னும் நெறி.

முடிவுரை

தேன்கனிக்கோட்டை உழவருக்கு ராகியின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விளையும் மாவட்டத்திலேயே ரேஷன் கடையிலும் ஆலைக் கேன்டீனிலும் ராகிக்கு நிரந்தர இடம் தர வேண்டும்; யானைச் சேதத்துக்கான ஈட்டைக் கொள்முதலோடு இணைக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் வெளியிடப்படும் நீடித்த வளர்ச்சி அறிக்கைகள், இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை வெறும் அறிக்கைகளே.