கல்லறை இல்லாதவர்கள்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இவ்வளவே. கல்லறைத் திருநாளன்று நம்மவரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகின்ற நாம், கல்லறையே இன்றிக் கடலில் அடங்கியோரை நினைத்ததுண்டா? நம் நாட்டு விடுதலை வரலாற்றோடு பிணைந்த அத்தகையோர் சிலரை இங்கு நினைவுகூர்வோம்.

1943 பிப்ரவரி 9 அன்று, ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. வெர்னர் முசன்பெர்க் அதன் தலைவர். நேதாஜி சுபாஷ் சந்திர போசும், அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் அதில் இருந்தனர். ஆங்கிலேயரின் காவல் மிகுந்த கடல்வழியைத் தவிர்க்க, நார்வேக் கரையோரமாக வடக்கே சென்று, ஐஸ்லாந்துக்குத் தெற்கே திரும்பி, அட்லாண்டிக் பெருங்கடலில் அக்கப்பல் இறங்கியது. உறைபனிக் குளிர், உண்ணும் ரொட்டியிலும் டீசல் நெடி. இறைவாக்கினர் யோனா மீனின் வயிற்றில் இருந்தது மூன்று நாள். இவர்கள் இரும்பின் வயிற்றில் இருந்ததோ ஏறத்தாழ 80 நாள்.

வழியில், ஏப்ரல் 18 அன்று, கார்பிஸ் என்னும் ஆங்கிலேய எண்ணெய்க் கப்பலை யூ-180 மூழ்கடித்தது. அதன் மாலுமிகளுள் பெரும்பாலோர் மாண்டனர். ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில், ரப்பர்த் தெப்பமேறி நேதாஜியும் ஆபித் ஹசனும் ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினர். ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அழைப்பு விடுத்தபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர்.

அவரைச் சுமந்த கப்பல்கள் இரண்டும் மறு ஆண்டே கடலுள் அடங்கின. 1944 ஜூலை 26 அன்று பிலிப்பைன்சுக்கு வடக்கே ஐ-29 அமெரிக்க நீர்மூழ்கியால் தாக்குண்டது. ஆகஸ்டில் பிரான்சு நாட்டுக்கு மேற்கே யூ-180 மறைந்தது. அதிலிருந்த 56 பேரில் ஒருவரும் மீளவில்லை.

இம்மாலுமிகளை அனுப்பிய இட்லரின் ஆட்சி இலட்சக்கணக்கான மாசற்றோரைக் கொன்ற ஆட்சி. அதை நாம் மறைத்தல் ஆகாது. நம் விடுதலை வேட்கையைச் சுமந்து வந்த அதே கப்பல்தான், கார்பிஸ் மாலுமிகளின் இல்லங்களை இருளாக்கியது என்பதையும் மறத்தல் ஆகாது. வரலாறு நமக்கு அளிக்கும் நன்மைகள் பலவும் இவ்வாறு பிறருடைய கண்ணீரில் நனைந்தே வந்து சேர்கின்றன. நன்றியோடு மனவருத்தமும் கொள்ளுதலே கிறிஸ்தவ நினைவு.

யார் நண்பர், யார் பகைவர் எனக் கடல் பிரித்து வைக்கவில்லை. கார்பிஸ் மாலுமியும், அவனைக் கொன்றவனும், ஜப்பானிய வீரனும் இன்று ஒரே நீரின் அடியில் துயில்கின்றனர். வரும் நவம்பர் 2 அன்று நம் முன்னோருக்கென ஏற்றும் திரிகளோடு, இவர்களுக்கென இன்னொரு திரியும் ஏற்றுவோம். கடலையும் கரையையும் படைத்தவர் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக.