மேசையும் பெட்டியும்

நான்கு கால் உடைய இருக்கைக்கு நாற்காலி என்று தன் சொல்லாலேயே பெயரிட்டுக்கொண்ட தமிழன், அதே நான்கு கால்களோடு அதன் எதிரே வந்து நின்ற பலகைக்கு மட்டும் கடல் கடந்து வந்த பெயரை ஏன் ஏற்றுக்கொண்டான் என்பது, சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர்களுக்குச் சுவையானதொரு வினா. உட்காருதல் நமக்குப் பழைய தொழில். மணை, பலகை, முக்காலி என்று அதற்குரிய வஸ்துக்கள் முன்னரே இருந்தமையால், புதிதாக வந்த இருக்கை முக்காலியின் தமையனாக அந்த வரிசையில் எளிதில் சேர்ந்துகொண்டது. உயர்ந்து நிற்கும் பலகைக்கோ நம்முடைய வீட்டில் செய்வதற்கு யாதொரு வேலையும் இருக்கவில்லை. உணவு தரையில் விரித்த இலையில். கணக்கு தரையில் வைத்த பெட்டியின்மேல். எழுத்து, கையில் ஏந்திய ஓலையில்.

ஓலையில் எழுதுகிறவனுக்கு மேசை இடையூறாகுமே தவிர உதவியாகாது. நறுக்கி வாரிப் பதப்படுத்திய ஓலையை இடக்கை விரல்களின்மீது கிடத்தி, வலக்கையால் எழுத்தாணியைப் பற்றி, அதன் கூரிய முனைக்கு இடக்கைப் பெருவிரலை அண்டையாகக் கொடுத்து, அந்த விரலே மெல்லத் தள்ளத் தள்ள எழுத்தைக் கீறிக்கொண்டு போவது பழைய வழக்கம். எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் அப்பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறியதொரு பள்ளமும் வெட்டி வைத்துக்கொள்வதுண்டு. எழுத்தாணி அப்பள்ளத்தில் அமர்ந்துகொண்டு பிசகாமல் ஓடும். எழுதி முடித்த பிறகுதான் விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் சேர்ந்த மையைத் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்துப் புலப்படும். ஆகவே ஓலைக் காலத்தில் மை எழுத்துக்குப் பின்னால் வந்தது. காகிதக் காலத்தில் அது முன்னால் வந்து, ஒரு கூட்டுக்குள் திரவமாக நின்றுகொண்டு, சாய்ந்தால் கொட்டிவிடுவேன் என்று மிரட்டத் தொடங்கியது. மெல்லிய காகிதம் தன் கீழே கடினமான தளத்தைக் கேட்டது. மைக்கூடு ஆடாத சமதளத்தைக் கேட்டது. எழுதுவதற்கு மேசை வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நமக்கு உண்டானது இவ்விரண்டினால்தான் என்பது என் அபிப்பிராயம். மேசை வேண்டியிருந்தது எழுத்தாளனுக்கன்று, மைக்கூட்டுக்கு.

இனிச் சொல்லைப் பார்ப்போம். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கிய பின்னர் நம் கடற்கரைகளில் பரவிய போர்ச்சுகீசிய பாஷையில் 'மேஸா' என்பது உணவுப் பலகையின் பெயர். அது 'மென்ஸா' என்னும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. அலமாரியும் சன்னலும் சாவியும் வந்த கப்பலிலேயே இதுவும் வந்தது; மலாய் மொழியில் 'மேஜா' என்றும், சிங்களத்தில் 'மேஸய' என்றும் அது போன இடமெல்லாம் நிலைத்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே போர்ச்சுகீசியர் ஒலிக்கும் அந்த ஸகரம் வண்டின் ரீங்காரம் போன்றது. அதற்கு நேரான எழுத்து நம்மிடம் இல்லாமையால் சிலர் மேசை என்றும் சிலர் மேஜை என்றும் எழுதினர். ஜகரத்தைக் கண்டவர்கள், பாரசீகத்தில் 'மேஸ்' என்றொரு சொல் இருப்பதையும், விருந்தளிப்பவனை அம்மொழி 'மேஸ்பான்' என்று அழைப்பதையும் எடுத்துக்காட்டி, இது துருக்கர் வழியாக வந்ததே என்று வாதிப்பதுண்டு. இரண்டு நதிகளும் நம்மிடத்தில் ஒரே கழிமுகத்தில் கலந்திருக்கக்கூடும். நான் போர்ச்சுகீசியர் பக்கமே சாய்கிறேன். எவ்வழியாக வந்திருப்பினும், இரண்டு மொழிகளிலும் அது சோற்றோடு சம்பந்தப்பட்ட சொல், ஏட்டோடு சம்பந்தப்பட்டதன்று என்பது கவனிக்கத்தக்கது.

முத்துக்குளித்துறையில் இதற்கோர் அழியாத சாட்சி உண்டு. பரதவருள் செல்வமும் செல்வாக்கும் வாய்ந்து, போர்ச்சுகீசிய நடையுடை பாவனைகளை மேற்கொண்ட குடும்பத்தினரை மேசைக்காரர் என்று வழங்கினர்; மேசையில் அமர்ந்து உண்பவர் என்பது அதன் தாற்பரியம். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்களோ இவ்விஷயத்தில் நுட்பமான காது படைத்தவர்கள். யாத்திராகமத்தில் தச்சன் மரத்தால் செய்யும் பொருளைக் குறிக்க நேர்ந்தபோது மேஜை என்றே எழுதிய அவர்கள், இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ஆண்டவன் அடியவனுக்கு அமைத்துத் தரும் விருந்தைச் சொல்ல நேர்ந்தபோது, அந்த மரத்தை விட்டுவிட்டுப் பந்தி என்ற நம்முடைய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மூல பாஷையில் இரண்டும் ஒரே சொல்தான்.

உணவுக்கென்று வந்த பலகை எழுத்துக்கும் அதிகாரத்துக்கும் இடமாக மாறிய சரித்திரம் ஐரோப்பாவிலும் வேடிக்கையாகவே இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'பூரோ' என்பது கணக்குப் பார்க்கும் பலகையின்மேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணிக்குப் பெயராக இருந்து, பிறகு அப்பலகைக்கும், பிறகு அப்பலகை கிடக்கும் அறைக்கும், அதன்பின் அவ்வறையில் நடக்கும் உத்தியோகத்துக்கும் பெயராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் கூர்னே என்னும் பொருளாதார அறிஞர் அதனோடு ஆட்சி என்ற பொருள் தரும் கிரேக்கப் பகுதியை ஒட்டி, மேசைகளே அரசாளும் நிலையை நையாண்டி செய்தார்.

நம்மவரிடம் இதற்கிணையான சொல் வளர்ச்சி உண்டா என்றால், உண்டு. ஆனால் மேசையிலிருந்து அன்று, பெட்டியிலிருந்து. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் செட்டிநாட்டு நகரத்தார் லேவாதேவி நடத்திய கிட்டங்கிகளில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. நீண்ட கூடத்தின் இருபுறமும், ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொன்றாக, தரையோடு தரையாகச் சிறு மரப் பெட்டகங்கள் கிடக்கும். அதன் மூடியே எழுதும் தளம், அதன் வயிறே பேரேடும் பணமும் பத்திரமும் உறங்கும் அறை, அதன் பின்னே விரித்த பாயே உத்தியோகஸ்தானம். மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் கீழே, தொழில் பழகுவதற்காகச் சேர்ந்த இளைஞனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பெட்டியின் அருகே அமரும் உரிமையே ஒரு பதவியாகிவிட்டது. பிரெஞ்சுக்காரனுக்குக் கம்பளித் துணி செய்த வேலையை நமக்கு இந்தப் பெட்டி செய்திருக்கிறது.

இப்பெட்டியைக் கருத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், இக்காலத்து வீடுகளில் ஜன்னலோரமாகப் போட்டிருக்கும் எழுதுமேசை எப்படி இவ்வளவு ஞாபகச் சின்னங்களைச் சுமக்கத் தொடங்கியது என்பது விளங்கும். என் மேசையின் விளிம்பில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த குங்குமம் ஆண்டுக்கொரு படலமாகக் காய்ந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் என் தகப்பனாரின் மைக்கூடு. உள்ளே நீலம் உலர்ந்து, மணிமணியாகப் பொரிந்து, கவிழ்த்தாலும் உதிராத பொருக்காகிவிட்டது. என் பாட்டனாரின் பித்தளை எழுத்தாணி காகிதம் பறக்காமலிருக்கப் பயன்படுகிறது. எழுதிய கருவிக்கு இது பதவியிறக்கமா, ஓய்வூதியமா என்று நான் தீர்மானிக்கவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கலியாணக் கடிதமும் இருக்கிறது; அதை அனுப்பியவரும் இல்லை, மணமக்களும் இல்லை. இவற்றுள் ஒன்றுகூட எழுதுவதற்கு உதவுவதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்பது என் மனைவியின் புகார், அதில் உண்மையும் உண்டு.

உதவாதவை என்று சொல்வதற்கும் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம்முடைய மேசையின்மேல், வாளேந்திச் சண்டையிடும் இரண்டு பருத்த தேரைகளின் வெண்கல உருவத்தையும், உடம்பெல்லாம் நாய்க்குட்டிகள் தொற்றிக்கொண்டிருக்கும் நாய் வியாபாரியின் உருவத்தையும் வைத்துக்கொண்டுதான் எழுதுவது வழக்கம் என்றும், அவர் கண்கள் எழுத்தினின்று நிமிரும்போதெல்லாம் அவற்றின்மேலேயே தங்கும் என்றும், அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1870இல் அவர் மறைந்த பின், லூக் பைல்ட்ஸ் என்னும் ஓவியர் அந்த அறையை வரைந்தபோது, காலியான நாற்காலியோடு அம்மேசையையும் சேர்த்தே வரைந்தார். மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மேசையிலோ, எகிப்து, கிரீஸ், ரோமாபுரி முதலிய தேசங்களின் புராதனச் சிலைகள் எழுதுகிற தாளுக்கு எதிரே வரிசையாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1938இல் நாஜிகளுக்கு அஞ்சி வியன்னாவை விட்டுப் புறப்பட நேர்ந்தபோது, அத்தனையும் பறிபோகக்கூடும் என்ற பயத்தில், சிறியதொரு அதீனா சிலையை மட்டும் மரீ போனபார்ட் என்னும் சிநேகிதி முன்னதாகவே ரகசியமாகக் கடத்திச் சென்றார். பிறகு மற்றவையும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. வீட்டுப் பணிப்பெண் தன் ஞாபகத்தைக்கொண்டே, ஒவ்வொன்றையும் வியன்னாவில் இருந்த இடத்திலேயே திரும்ப நிறுத்தினாள். கிழவருக்குத் தேசம் மாறிற்று, மேசை மாறவில்லை.

ஓலைக்காரனுடைய வீட்டில் இத்தகைய பொருள்கள் எங்கே இருந்திருக்கும்? பெட்டியில்தான், பூட்டி, பரண்மேல் ஏற்றி, நல்ல நாளில் மட்டும் திறந்து பார்க்கும்படியாக. மேசை செய்த புதுமை, பெட்டிக்குள் கிடந்ததை மூடியின்மேல் எடுத்து வைத்துவிட்டதுதான். பார்வைக்கு வைக்க மனமில்லாதவற்றுக்காக, மேசை தன் வயிற்றுக்குள் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டது. அதற்கு நம் புலவர்கள் இழுப்பறை என்று பெயர் வைத்தார்கள். இழுக்கிற அறை என்று பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் பேச்சில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை, டிராயர் என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தாரின் வழக்கு இதைவிட ருசியுள்ளது. போர்ச்சுகீசியர் அங்கே மேசையையும், அதற்கு முன்னே போடும் கதிரையையும் விட்டுப்போக, 1658இல் அவர்களைத் துரத்திவிட்டு வந்த ஒல்லாந்தர் அந்த மேசைக்குள் லாச்சியைச் செருகிவிட்டுப் போனார்கள். சிறிய இழுப்புப் பெட்டி என்று அவர்கள் மொழியில் பொருள்படும் 'லாட்யே' என்பதன் திரிபு அது. ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவர் கதிரையில் உட்கார்ந்து, மேசை லாச்சியைத் திறந்து, பழைய கடுதாசியொன்றைத் தேடும்போது, இரண்டு சாம்ராஜ்யங்களின் தச்சர்கள் அவருக்கு ஊழியம் செய்கிறார்கள். அந்தச் சொல்லை இக்கரையிலும் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். இழுப்பறையைவிட ஈரெழுத்துக் குறைவு. வாய்க்கும் இதமாக இருக்கிறது.