'யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி இருந்துச்சு!' - குதிகால் தசைநாண் அறுந்தால் என்ன செய்யணும்?

காலுக்குப் பின்னாடி 'டப்'னு ஒரு சத்தம். யாரோ உதைச்சிட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தா, பக்கத்துல யாருமே இல்லை. தூத்துக்குடி தருவை மைதானமோ, கோவில்பட்டி ஹாக்கி மைதானமோ, தெருமுனை ஷட்டில் கோர்ட்டோ... எங்கே நடந்தாலும் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான். அறுந்தது உங்கள் அக்கிலிஸ் டெண்டனாக இருக்கலாம்.

நம்ம ஊர்ல இதைக் 'குதிகால் நரம்பு'ன்னு சொல்வாங்க. உண்மையில் இது நரம்பு இல்லை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண். உடம்பிலேயே தடிமனான தசைநாணும் இதுதான். வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரையில் ஃபுட்பால் ஆட இறங்குகிற 30-50 வயது ஆண்களுக்குத்தான் இது அதிகம் அறுகிறது. மணலில் குதிகால் புதைவதால் இழுவையும் கூடும்.

'நடக்க முடியுதே'ன்னு விட்டுடாதீங்க

பலர் ஏமாறுவது இங்கேதான். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டுக்கு 2013 ஏப்ரல் 12 அன்று ஆட்டத்தின் நடுவே இது அறுந்தது. அதற்குப் பிறகும் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுவிட்டு, நடந்துதான் வெளியே போனார். வேறு தசைகள் உதவுவதால் கெந்திக் கெந்தி நடக்க முடியும். எக்ஸ்-ரேயும் காப்பாற்றாது. அதில் எலும்புதான் தெரியும். 'முறிவு இல்லை, சுளுக்குதான்'னு கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஒரு மாசத்தை வீணாக்கியவர்கள் நிறைய. நாளாக ஆக, அறுந்த முனைகள் விலகிப்போகும்; சேர்ப்பது கஷ்டம்.

ஒரு எளிய சோதனை இருக்கு. பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி குப்புறப் படுங்கள். யாரையாவது கெண்டைக்கால் சதையை அழுத்தச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் பெரும்பாலும் அசையாது. குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் ஒரு பள்ளமும் தட்டுப்படலாம். சந்தேகம் இருந்தால், அன்றோ மறுநாளோ எலும்பியல் டாக்டரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ உறுதிசெய்யும். அதுவரை காலை ஊன்ற வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவி விடுவது மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு வகையும் உண்டு: இந்தியன் டாய்லெட்டில் கால் வழுக்கி, உடைந்த பீங்கான் விளிம்பு குதிகாலுக்கு மேலே வெட்டிவிடுவது. சங்கு, சிப்பி ஓடுகள், தகரம் கிழித்தாலும் இதே கதைதான். 'தையல் போட்டாச்சு'ன்னு திருப்திப்படாமல், 'உள்ளே தசைநாண் அறுந்திருக்கா?'ன்னு கேளுங்கள். இதில் ஆபரேஷன்தான் வழக்கம்.

கத்தியா, கட்டா?

தோல் கிழியாமல் உள்ளே அறுந்திருந்தால் இரண்டு வழிகள். நார்வேயில் 526 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் காலின் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது ஆபரேஷன் இல்லாதவர்களில் 6.2 சதவிகிதம், செய்தவர்களில் 0.6 சதவிகிதம். பதிலுக்கு, ஆபரேஷன் செய்தவர்களிடம் நரம்புக் காயம் அதிகம். சுகர் இருப்பவர்கள், சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புண் ஆறுவதும் சிக்கல். என் பார்வையில், மைதானத்துக்குத் திரும்பியே ஆகணும் என்பவர்கள் ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் விரிவாகப் பேசலாம். மற்றவர்கள் கத்தி இல்லாத வழியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துட்டுப் போய்க் கேளுங்கள்.

எந்த வழியானாலும் முதல் இரண்டு வாரம் விரல்கள் கீழ்நோக்கியபடி கட்டு. பிறகு குதிகாலுக்கு அடியில் ஆப்புப் பட்டைகள் வைத்த பூட். அந்தப் பட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாக எடுப்பார். இதற்கே 8 முதல் 12 வாரம் ஆகும். மறுபடி அறுபடும் ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். பூட்டைக் கழற்றிட்டு பாத்ரூம் வரைக்கும்தானேன்னு போகிறவர்கள்தான் மாட்டுவது! குத்தவைத்து உட்கார்ந்தால் தசைநாண் முழுசாக இழுபடும். எனவே நாற்காலி கமோடு வாங்கிடுங்க. திருச்செந்தூர் பாதயாத்திரை வேண்டுதல் இருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சுத் திணறினால் 108.

பிசியோதெரபியில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்துவதுதான் பெரிய பரீட்சை. அது சரியாக வராமல் ஓட்டம் வேண்டாம். மெதுவான ஓட்டத்துக்கே 4-6 மாதம், விளையாட்டுக்கு 9-12 மாதம் ஆகலாம். முகமது ஷமியை எடுத்துக்கோங்க. அவருக்கு முழுசாக அறுந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் 2024 பிப்ரவரியில் அக்கிலிஸ் ஆபரேஷன் செய்தவர், நவம்பரில்தான் ரஞ்சி ஆட்டத்தில் பந்து போட்டார். ஃபின் மாட்டி சங்கு குளிக்கப் போகிறவர்களும் அந்தப் பரீட்சையில் தேறிய பிறகே கடலில் இறங்கணும்; தண்ணீரைத் தள்ளும்போது பாரம் நேரே தசைநாணுக்குத்தான் போகும்.

மெடிக்கல் ஷாப்பில் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் மாத்திரைகள் தசைநாண் அறுபடும் ஆபத்தைக் கூட்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்தது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இந்த மாத்திரை சாப்பிடும்போது குதிகால் வலித்தால் அன்றைய ஆட்டத்தை நிறுத்திட்டு, எழுதிக்கொடுத்த டாக்டருக்கு போன் போடுங்க.