முட்டையின் ஆணையும் செல்லின் செவியும்: இரண்டு செம்மறி மரபுகள்

தமிழ்நாட்டுச் செம்மறி இனங்கள் பெரும்பாலும் ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். தேனி மாவட்டத்து வருசநாடு, கடமலைக்குண்டுப் பக்கம் மந்தை வைத்திருப்பவருக்கு ஒன்று இரண்டானால் வருமானமே மாறும். அதற்கு அறிவியல் காட்டும் இரண்டு மரபுகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

சினைப்பையில் வளரும் முட்டை சும்மா இருப்பதில்லை. ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, தன்னைச் சூழ்ந்த கிரானுலோசா செல்களை இயக்குகிறது. அந்தச் செல்கள் பெருகி முட்டைக்கே ஊட்டம் தருகின்றன. 1996இல் ஜிடிஎஃப்-9 மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளில், முட்டையைச் சுற்றிய செல் அடுக்கு தொடக்கநிலையிலேயே நின்றுபோனது, அவை மலடாயின.

முதல் மரபு நியூசிலாந்தின் இன்வர்டேல். 2000இல் கண்டறிந்தபடி, இதில் பழுது பிஎம்பி-15இல், அதாவது முட்டை இடும் ஆணையிலேயே. அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் கூடுதல் முட்டைகள் முதிர்ந்து இரட்டைக் குட்டி பிறக்கும். இரண்டு பிரதியும் பழுதானால் ஆடு மலடு.

இரண்டாவது மரபு நம் நாட்டுடையது: வங்கத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆடு. இதில் முட்டையின் ஆணையில் குறையில்லை. அதைக் கேட்கும் செவியான, சுற்றியுள்ள செல்லின் ஏற்பி சற்று மாறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பூருலா மெரினோவில் 2001இல் தெரியவந்த அதே மாற்றம் கரோலிலும் இருப்பது அடுத்த ஆண்டு உறுதியானது. ஒரு பிரதி இருந்தாலே முட்டை கூடும். இரண்டு இருந்தால் இன்னும் கூடும். மலடு வராது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் இந்த மாற்றத்தைத் தக்காணி ஆட்டில் சேர்த்து ‘நாரி சுவர்ணா’வை உருவாக்கியது.

பிஎம்பி-15 எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இன்வர்டேல் கிடாயின் பெட்டைக் குட்டிகள் எல்லாமே பழுதான ஒரு பிரதியோடு பிறக்கும். அவற்றோடு மீண்டும் அதே வகைக் கிடாய் சேர்ந்தால், பிறக்கும் பெட்டைகளில் பாதி மலடாகும். பல மந்தைகள் ஒன்றாகக் கிடை போடும் ஊரில் எந்தக் கிடாய் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று யார் கணக்கு வைப்பது? கரோல் மரபில் இணைசேர்க்கை தவறினாலும், மிஞ்சினால் மூன்று நான்கு குட்டி பிறந்து மெலியும், பெட்டை வீணாகாது.

ஆனால் எண்ணிக்கை கூடுவது வேறு, தரம் கூடுவது வேறு. இன்வர்டேலில் ஆணை குறைந்தபோது முட்டைகள் பெருகின. 2006இல் அடிலெய்டு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் முதிர்ந்துகொண்டிருந்த மாட்டு முட்டைகளுக்கு அதே ஆணையைக் கூட்டிக் கொடுத்தார்கள். பிளாஸ்டோசிஸ்ட் என்ற தொடக்கக் கரு நிலையை எட்டிய கருக்கள் 41 விழுக்காட்டிலிருந்து, ஜிடிஎஃப்-9 சேர்த்தபோது 50, பிஎம்பி-15 சேர்த்தபோது 58 விழுக்காடாக உயர்ந்தன. முட்டையின் குரல் தெளிவாகக் கேட்டால் கரு வலுக்கிறது.

இணைசேர்க்கை தவறினாலும் பெட்டை வீணாகாததால், வருசநாட்டுக்குப் பொருந்துவது கரோல் வழி. கிடாயின் மரபணுவைச் சோதித்து, ஒரு பிரதி மட்டும் உள்ள பெட்டைகளை உருவாக்க வேண்டும். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி இதைக் கையில் எடுக்கலாம். கூடவே தாய்க்குத் தீவனமும் இரண்டு குட்டிக்குப் பாலும் உறுதியாக வேண்டும்; பிறந்த குட்டி பிழைத்தால்தான் அது வளர்ப்பவருக்கு லாபம்.