தொழிற்பயிற்சியும் பணிப்பயன்களும்: சித்தூர், திருப்பதி மாவட்டங்கள்

ஆலைக்கு ஆள் எடுப்பவரே அந்த ஆளுக்குத் தொழிலையும் கற்றுத்தர வேண்டும் என்பதை ஆந்திரப் பிரதேசம் 2019இல் சட்டமாகவே எழுதியது. தொழிற்சாலைகளில் 75 விழுக்காடு வேலை உள்ளூர்க்காரர்களுக்கு என்றது அச்சட்டம். தகுதியானவர் கிடைக்காவிட்டால், அரசின் துணையோடு மூன்று ஆண்டுகளுக்குள் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வேலையில் அமர்த்த வேண்டும். நிறுவனங்கள் விலக்குக் கேட்கவும் வழி வைத்திருந்தார்கள். இதையொத்த ஹரியாணா சட்டத்தை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றது. ஒதுக்கீட்டைப் பற்றி எத்தனை வாதம் இருந்தாலும், பயிற்சிப் பொறுப்பை முதலாளியின் கணக்கில் ஏற்றியது நல்ல காரியம்.

அதன் அருமை தெரியும் இடம் ஸ்ரீசிட்டி. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தடாவை அடுத்துள்ள இந்தத் தொழில்நகரம் 2022 ஏப்ரல்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இசுசு வண்டிகளும் ஆல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டிகளும் டைகின் ஏ.சி.களும் இங்கே உருவாகின்றன. தமிழும் தெலுங்கும் புழங்கும் சத்தியவேட்டுப் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்கு முதல் வேலை பெரும்பாலும் 'டிரெய்னி' அல்லது 'அப்ரண்டிஸ்' என்றுதான் தொடங்குகிறது. திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் பேட்டரி தயாரிக்கும் அமர ராஜா குழுமம், அதன் நிறுவனர் கல்லா ராமச்சந்திர நாயுடுவின் சொந்த ஊரான பேட்டமிட்டாவில் திறன் பயிற்சி மையமே நடத்துகிறது.

எந்தச் சட்டத்தின்கீழ் பயிற்சியில் சேர்ந்தோம் என்பதைப் பொறுத்தே உரிமைகள் அமைகின்றன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 விழுக்காடுவரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 2019 விதிகள் மாத உதவித்தொகையின் குறைந்த அளவைப் பத்தாம் வகுப்புக்கு 6,000, ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என வகுத்தன. ஆனால் பழகுநர் தொழிலாளி அல்லர் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி எதுவும் இல்லை. பணியில் அடிபட்டால் இழப்பீடும், ஆலையின் சுகாதார, பாதுகாப்பு, நல வசதிகளும் மட்டும் உண்டு.

சிக்கல் அதிகம் நிறுவனமே வைத்துக்கொள்ளும் டிரெய்னிகள் விஷயத்தில்தான். நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளின்கீழ் எடுக்கப்பட்ட பயிற்சியாளர்களுக்கு பி.எஃப். கட்டத் தேவையில்லை என்று மங்களூர் பாக்கு கூட்டுறவு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. இ.எஸ்.ஐ. சட்டமோ 2010 திருத்தத்துக்குப் பின் 1961 சட்டத்தின் பழகுநரை மட்டுமே விலக்கியது. ஒரே பிள்ளைக்கு மருத்துவக் காப்பீடு உண்டு, சேமநல நிதி இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் ஊழியர் என்பதற்கான வரையறையும் 1961 சட்டப் பழகுநரை மட்டுமே வெளியே நிறுத்துகிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்பதும் இத்தொகுப்பில் வந்ததுதான். ஆலை வாசலில் நிற்கும் இளைஞர் ஆர்டர் காகிதத்தில் முதலில் தேட வேண்டியது சம்பளத் தொகையை அல்ல, தன்னை எந்தச் சட்டப்படி சேர்த்திருக்கிறார்கள் என்ற வரியை.

பயிற்சிச் செலவைக் காட்டி 'பாண்டு' எழுதி வாங்குவதும் வழக்கம். விஜயா வங்கி வழக்கில் மூன்றாண்டுப் பணி அல்லது 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கிக்குச் சொன்ன அந்த நியாயத்தைச் சிறு சம்பள டிரெய்னிமீது அப்படியே சுமத்துவது தகாது.

பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனினும் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், மற்றவை சமமாக இருந்தால் வெளியாளைவிடப் பயிற்சி முடித்தவருக்கே முன்னுரிமை என்றது.