மெட்டுகுடா: வேலைபார்த்தபடியே மனிதவள மேலாண்மைப் பட்டம்

மெட்டுகுடா செகந்திராபாத்தின் கிழக்கே அமைந்த ரயில்வே குடியிருப்புப் பகுதி. நிஜாம் காலத்து ரயில்வே 1893இல் நிறுவிய லாலாகுடா பணிமனை இதற்கு அருகே உள்ளது. இன்னொரு பக்கம் தார்நாக்கா; அதை ஒட்டி 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம். 1966 அக்டோபர் 2 அன்று தென்மத்திய ரயில்வே உருவாகி, செகந்திராபாத் அதன் தலைமையிடம் ஆனது. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் வந்தபின், மெட்டுகுடாவில் ஏறுபவர் அடுத்த நிலையத்திலேயே தார்நாக்காவில் இறங்கிவிடலாம். அலுவலகமும் பல்கலைக்கழகமும் இவ்வளவு அருகே இருப்பதால், பகலில் வேலை, மாலையில் படிப்பு என்பது இந்த வட்டாரத்தில் நடக்கக்கூடிய காரியம்.

மனிதவள மேலாண்மை என்றதும் ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் இந்தப் படிப்பு பிறந்ததோ ஆலை வாசலில். ஆளெடுப்பும் ஆள் நீக்கமும் ஜாபர் எனப்பட்ட மேஸ்திரிகள் கையில் இருந்ததையும், வேலை வாங்கித் தர அவர்கள் பணம் பறித்ததையும் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையத்தின் அறிக்கை 1931இல் பதிவுசெய்தது. இந்தப் பொறுப்பைத் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பின்னர் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆகவேண்டும் என்றது. அவருக்கு என்ன கல்வித்தகுதி வேண்டும் என்பதை மாநில அரசுகள் விதிகளில் எழுதின. சட்டம் பதவியை உண்டாக்கியது. பதவி பட்டத்தைத் தேட வைத்தது. மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் கழகம், ஜாம்ஷெட்பூரில் 1949இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., சென்னையில் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளி ஆகியவை இத்துறைக்கு ஆள் தயாரித்த முன்னோடிகள். 1970களின் நடுவில் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு வகுத்துக்கொடுத்த அமைப்புக்குப் பிறகுதான் 'மனிதவள மேம்பாடு' என்ற பெயர் இங்கே புழங்கலாயிற்று. அதுவரை 'பெர்சனல்' துறை; ரயில்வேயில் இன்றும் பெர்சனல் பிராஞ்ச்தான்.

வேலையில் இருப்போர் படிக்க ஹைதராபாத்தில் வழிகள் சில உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகம் மாலைநேர எம்.பி.ஏ. வகுப்புகளை நடத்திவருகிறது. 1977இல் அங்கே தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் இப்போது பேராசிரியர் ஜி. ராம் ரெட்டி பெயரில் தொலைநிலைக் கல்வி மையமாக இருக்கிறது. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்த மாநகருக்கு உரியதே. 1982இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய அது, பின்னர் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயர் பெற்றது. அதன் முதல் துணைவேந்தரும் ராம் ரெட்டிதான். 1985இல் டெல்லியில் இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும் முதல் துணைவேந்தராக அவரையே அழைத்தார்கள்.

இக்னோ தன் எம்.பி.ஏ.வில் மனிதவள மேலாண்மையைத் தனிப் பட்டமாகவே தருகிறது. இரண்டாண்டுப் படிப்பு, நான்காண்டு வரை இழுக்கலாம். அந்தச் சலுகையின் அருமை கணக்குப் போட்டால் தெரியும். அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணிநேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. ஒரு பருவத்தில் ஐந்து தாள் எடுத்தால் 600 மணி, அதாவது ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து நாள்தோறும் மூன்று மணிக்கு மேல். ஷிப்டு முடிந்து வந்து சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு அந்த மூன்று மணி எங்கிருந்து வரும் என்பதை விளக்கக் கையேடு சொல்வதில்லை. பலர் அசைன்மென்ட் எழுதிவிட்டு, ஜூன் தேர்வை டிசம்பருக்குத் தள்ளிப்போடுவது சோம்பலால் அல்ல. அசைன்மென்டுக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு மதிப்பு.

ரயில்வே பெர்சனல் பிராஞ்ச் எழுத்தருக்கு ஒரு சாதகம் உண்டு. பாடநூல் பெயர் சூட்டும் பலவற்றை அவர் ஏற்கெனவே கையால் செய்கிறார். பாஸ் போடுவது, விடுப்புக் கணக்கைச் சரிபார்ப்பது, சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதிவது, ஓய்வுபெறுபவரின் செட்டில்மென்ட் தாள்களை நகர்த்துவது. பணிக்காலத்தில் ஊழியர் இறந்தால் நல ஆய்வாளர் அந்த வீட்டுக்குப் போய், வாரிசு யார், கருணை அடிப்படையில் வேலை கேட்பது யார் என்று விசாரித்து எழுதுவார். பாடநூலில் இரண்டு பத்தியில் முடிகிற விஷயம் அலுவலகத்தில் பல அங்குல உயரக் கோப்பு. தொழிலுறவுத் தாளில் வரும் கூட்டுப்பேரத்துக்கும் அவர் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. நிர்வாகமும் தொழிற்சங்கமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பி.என்.எம். எனும் நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு 1952 முதல் ரயில்வேயில் இருக்கிறது. இதையே புராஜெக்டாக எடுத்தால், இணையத்தில் நகலெடுத்த 'ஊழியர் மனநிறைவு' அறிக்கையைவிட நூறு மடங்கு மேல்.

சேருமுன் பார்க்க வேண்டியவை இரண்டு. தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் அந்தந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்பது முதலாவது. ஒப்புதல் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் குழு தெளிவுபடுத்தியது. இரண்டாவது பட்டத்தின் பெயர். எம்.பி.ஏ., எம்.எச்.ஆர்.எம்., எம்.எஸ்.டபிள்யூ., தொழிலாளர் மேலாண்மை எம்.ஏ. எல்லாமே 'எச்.ஆர்.' என்ற ஒரே கூடையில் விழுகின்றன. தனியார் நிறுவனம் இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். நல அலுவலர் பதவிக்கு அப்படியில்லை. எந்தப் பட்டம் செல்லும் என்று மாநில விதி சொல்கிறதோ அதுதான் செல்லும். சென்னையில் 1973இல் அமைந்த தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் நிர்வாகத்தில் மாலைநேரப் பட்டமேற்படிப்புப் பட்டயம் நடத்துவது இத்தகைய பதவிகளை மனத்தில் வைத்துத்தான்.

பாடமும் கைக்குள் நிற்பதில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை நாடாளுமன்றம் 2019, 2020 ஆண்டுகளில் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கியது. அவற்றுள் பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பு நல அலுவலருக்கான வரம்பை 500லிருந்து 250 தொழிலாளர் என்று இறக்குகிறது. 49ஆம் பிரிவை மனப்பாடம் செய்து தேறியவர்கள் அந்த எண்ணை அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.